காலையில் ஊற்றிய தண்ணீர் மாலையில் எங்கே போனது? ரேடியேட்டர் கசிவைக் காட்டிக் கொடுக்கும் கைப்பம்பு

ரெங்கம் - தோட்டத்து வீட்டு வரிசையானாலும் சரி, பட்டணத்துத் தாமானானாலும் சரி, விடியற்காலையில் ஒரே காட்சியைப் பார்க்கலாம். பழைய கார் ஒன்றின் பொனெட் திறந்திருக்கும். வீட்டுக்காரர் ஒன்றரை லிட்டர் மினரல் பாட்டிலில் பைப்புத் தண்ணீரைப் பிடித்து ரேடியேட்டரில் ஊற்றிக்கொண்டிருப்பார். கேட்டால், "கொஞ்சம் தண்ணி குடிக்குது, வேற ஒன்னும் இல்ல" என்பார். காலி பாட்டிலை மறுபடியும் நிரப்பிப் பின் பூட்டில் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிடுவார்.

கார் பெட்ரோல் குடிக்கும். பழைய இன்ஜின் என்றால் எண்ணெயையும் கொஞ்சம் குடிக்கும். ஆனால் தண்ணீர் குடிக்காது. இன்ஜினைச் சுற்றி ஓடும் கூலண்ட், மூடிய சுற்றில் போய்த் திரும்பிக்கொண்டே இருப்பது. இன்ஜினிலிருந்து ரேடியேட்டருக்குப் போய், சூட்டை இறக்கிவிட்டு, மறுபடி இன்ஜினுக்கே வரும். எந்தக் கோளாறும் இல்லாத காரில் பல மாதங்களுக்கு ஒரு முறை சிறிதளவு சேர்த்தால் போதும். வாரம் ஒரு பாட்டில் தேவைப்படுகிறது என்றால், அது எங்கோ வெளியேறிக்கொண்டிருக்கிறது என்றுதான் பொருள். அப்படியானால் கார் நின்ற இடத்தில் ஒரு சொட்டு ஈரம்கூட இல்லையே, அது ஏன்?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல்தான் பலர் பணத்தை இழக்கிறார்கள். முதலில் ரேடியேட்டரை மாற்றுவார்கள். பிறகு வாட்டர் பம்ப், அதற்கும் பிறகு தெர்மோஸ்டாட். மூன்றையும் மாற்றிய பின்னும் பாட்டில் பூட்டிலேயே கிடக்கும். கடைசியில் ஒரு நாள், சிம்பாங் ரெங்கம் டோலைக் கடந்து நெடுஞ்சாலையில் போகும்போது பொனெட்டிலிருந்து வெள்ளை ஆவி கிளம்பும்.

நின்றிருக்கும் காரில் கசிவு தெரியாமல் போவதற்கு, சூடான இன்ஜினுக்குள் மட்டும் இருக்கும் அழுத்தம்தான் காரணம்.

இன்ஜினில் எரியும் பெட்ரோலின் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுற்ற உதவுகிறது. இன்னொரு பங்கு புகைக்குழாய் வழியாகப் போய்விடும். மிச்சமுள்ள பங்கு சூடாக இன்ஜினிலேயே தங்கும். அதை அள்ளிக்கொண்டு போவது கூலண்டின் வேலை. பெட்ரோல் இன்ஜின் நன்றாக ஓட, கூலண்ட் 90 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்க வேண்டும். சாதாரணத் தண்ணீர் 100 டிகிரியில் கொதித்துவிடும். மேடு ஏறும்போதோ, உச்சி வெயிலில் நெரிசலில் நிற்கும்போதோ அந்தப் பத்து டிகிரி இடைவெளி ஒரு நொடியில் கரைந்து போகும்.

இதற்கு மனிதன் கண்ட வழி, வீட்டு அடுப்படியில் இருக்கும் அதே வழிதான். குக்கர் மூடியின் மேல் வெயிட்டைப் போட்டால் உள்ளே அழுத்தம் ஏறுகிறது, தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது, பருப்பு சீக்கிரம் வேகிறது. டெனிஸ் பாப்பின் என்ற பிரெஞ்சுக்காரர் 1679-இல் லண்டனில் செய்து காட்டிய பாத்திரம்தான் இன்றைய குக்கருக்கு மூதாதை. அழுத்தம் அளவுக்கு மீறினால் தானே திறந்துகொள்ளும் வால்வையும் அதில் அவர் பொருத்தியிருந்தார். ரேடியேட்டர் மூடி செய்வதும் ஏறத்தாழ அதே வேலை. அது ஏதோ போத்தல் மூடி போன்றது என்று நினைப்பவர்கள் அதிகம். உண்மையில் அது ஸ்பிரிங் வைத்த வால்வு.

ஜப்பானிய வகைக் கார்களின் மூடியில் 0.9 அல்லது 1.1 என்ற எண் பொறித்திருப்பதைப் பார்க்கலாம். வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் எவ்வளவு அழுத்தத்தை அந்த மூடி தாங்கிப் பிடிக்கும் என்பதைச் சொல்லும் எண் அது. 0.9 என்றால் சுமார் 13 பிஎஸ்ஐ, 1.1 என்றால் சுமார் 16 பிஎஸ்ஐ. சமையல் குக்கரின் வெயிட் தூக்கிக்கொள்வதும் 15 பிஎஸ்ஐ அளவில்தான். மலேசிய வீடுகளில் சாம்பாருக்குப் பருப்பு வேகும் அழுத்தமும் பொனெட்டுக்குள் இருக்கும் அழுத்தமும் கிட்டத்தட்ட ஒன்று. அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீரே 118 முதல் 122 டிகிரி வரை கொதிக்காது. கூலண்ட் கலந்திருந்தால் இன்னும் சில டிகிரி கூடும்.

ஹோஸில் விழுந்த மயிரிழை வெடிப்பு, இன்ஜின் ஆறியிருக்கும்போது வாயை மூடிக்கொண்டிருக்கும். உள்ளே அழுத்தமே இல்லாதபோது தண்ணீரை வெளியே தள்ளுவது யார்? ஓட்டத் தொடங்கி, சூடு ஏறி, அழுத்தம் 13 பிஎஸ்ஐக்கு வந்ததும் வெடிப்பு வாய் திறக்கும். வெளியே வரும் துளி சூடான இன்ஜின் மேல் பட்டவுடனே ஆவியாகிவிடும், அல்லது சாலையில் விழுந்து பின்தங்கிப் போகும். வீடு வந்து சேரும்போது தரையில் ஈரம் இருக்காது. நொடிக்கு ஒரு சொட்டு என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 20 சொட்டு சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு மில்லி லிட்டர். ஒரு மணி நேரத்தில் 180 மில்லி லிட்டர். கோலாலம்பூரிலிருந்து ரெங்கத்துக்கு நான்கு மணி நேரம் ஓட்டினால் 700 மில்லிக்கும் மேல் போய்விடும். ஒரு சிறிய காரில் மொத்தம் இருப்பதே நான்கைந்து லிட்டர்தான்.

(கார் நிற்கும்போது இடப்பக்கத்தில் அடியில் சொட்டுகிற தெளிந்த தண்ணீரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது பெரும்பாலும் ஏர்கோன் தண்ணீர். கூலண்ட் என்றால் பச்சை, இளஞ்சிவப்பு, நீலம் என ஏதாவது நிறம் இருக்கும், விரலில் தொட்டால் வழுவழுப்பாக இருக்கும். ரேடியேட்டரில் பைப்புத் தண்ணீர் மட்டுமே ஊற்றி வந்தவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரியாமல் போகும். பைப்புத் தண்ணீரால் வரும் முதல் நட்டம் இதுதான்.)

இன்ஜினை ஓட்டாமலேயே, ஆறிய நிலையிலேயே, அதே அழுத்தத்தை உள்ளே ஏற்றிவிட்டால் என்ன? அதுதான் பிரஷர் டெஸ்ட். சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பு போன்ற சிறிய கைப்பம்பு, அதன் மேல் அழுத்தத்தைக் காட்டும் முள் வைத்த மீட்டர், ரேடியேட்டர் வாயில் பொருந்துகிற அடாப்டர். கருவி இவ்வளவுதான். பல வகைக் கார்களுக்கான அடாப்டர்களோடு பெட்டியாகவே கடைகளில் விற்கிறார்கள். ஒரு பட்டறைக்கு இது பெரிய முதலீடு அல்ல. ஆனாலும் பல பட்டறைகளில் இது அலமாரியில் தூசி படிந்து கிடக்கிறது. வாடிக்கையாளர் கேட்பதில்லை என்பதும் அதற்கு ஒரு காரணம்.

சோதனை செய்யும் முறை எளிது, ஆனால் ஒழுங்கு முக்கியம். இன்ஜின் முழுதாக ஆறியிருக்க வேண்டும். மூடியைத் திறந்து, கழுத்து வரை கூலண்ட் அல்லது தண்ணீர் நிரப்ப வேண்டும். அவசரப்படும் போர்மேன்கள் தவறவிடுவது இந்த இடத்தைத்தான். பாதி காலியாக உள்ள ரேடியேட்டரில் காற்றை அடித்தால், மேல்பக்கத்து ஓட்டை வழியாக வெறும் காற்றுதான் வெளியேறும். முள் இறங்கும், ஆனால் ஈரம் எங்கும் தெரியாது. நிரம்பியிருந்தால்தான் ஓட்டை தன்னைக் காட்டிக் கொடுக்கும்.

பிறகு கருவியை மூடியின் இடத்தில் மாட்டி, மெதுவாகப் பம்பு அடிக்க வேண்டும். மூடியில் பொறித்த எண் எதுவோ, அதுவரைக்கும்தான். மூடி 0.9 என்றால் முள் 0.9-இல் நிற்க வேண்டும். "இன்னும் கொஞ்சம் அடிச்சுப் பாப்போம்" என்று 1.5 வரை ஏற்றினால், நல்ல ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டியும் விரிசல் விட்டுவிடலாம். கசிவைத் தேடப் போய்க் கசிவை உண்டாக்கிய கதையாகிவிடும்.

அதன்பின் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். பத்து நிமிடம், பதினைந்து நிமிடம். முதல் சில நொடிகளில் முள் ஒரு நூல் இறங்கினால் பரவாயில்லை, ரப்பர் ஹோஸ்கள் சற்று விரிவதால் அப்படி நடக்கும். பிறகு அசையாமல் நின்றால் அந்த நிலையில் கசிவு இல்லை. இறங்கிக்கொண்டே போனால் கசிவு உண்டு. வேகமாக இறங்கினால் பெரிய ஓட்டை, அங்குலம் அங்குலமாக இறங்கினால் சின்ன ஓட்டை. முள் இறங்க இறங்க, டார்ச் விளக்கோடு பொனெட்டுக்குள் தலையை விட்டுத் தேட வேண்டியதுதான். கண்ணுக்கு எட்டாத இடங்களில் சோப்புத் தண்ணீரைத் தெளித்துக் குமிழி வருகிறதா என்று பார்ப்பவர்களும் உண்டு. கருவியைக் கழற்றுவதற்கு முன் அதிலுள்ள வால்வைத் திறந்து அழுத்தத்தை இறக்கிவிட வேண்டும்.

ஆறிய நிலையில் முள் அசையவில்லை, ஆனால் தண்ணீர் மட்டும் குறைகிறது என்றால், இன்ஜினைச் சற்றுச் சூடாக்கி மறுபடி சோதிக்க வேண்டும். உலோகமும் பிளாஸ்டிக்கும் ரப்பரும் ஒரே அளவில் விரிவதில்லை. சூட்டில் மட்டும் வாய் திறக்கும் கசிவுகள் உண்டு. காலைக் குளிரில் சொட்டிவிட்டு, சூடானதும் கிளிப் இறுகி நின்றுவிடும் கசிவுகளும் உண்டு.

எங்கே தேடுவது?

அனுபவமுள்ள போர்மேனின் கண் முதலில் போவது காய்ந்த தடங்களுக்கு. கூலண்ட் கசிந்து ஆவியான இடத்தில் வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்தது போல ஒரு படலம் இருக்கும். ஹோஸ் இணையும் இடங்களில் கிளிப்புக்கு அடியில் அதைப் பார்க்கலாம்.

ரெங்கம் வட்டாரம் ஒரு காலத்தில் ரப்பரால் வாழ்ந்தது. பால் மரம் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று செம்பனைக் காட்டைக் கடந்து குளுவாங்கிற்கும் ஜொகூர் பாருவுக்கும் கார் ஓட்டிப் போகிறார்கள். ஆனால் அந்தக் கார்களின் ரேடியேட்டர் ஹோஸ் மரத்துப் பாலில் செய்ததல்ல. இயற்கை ரப்பர் அந்தச் சூட்டைப் பல வருடங்கள் தாங்காது என்பதால், இபிடிஎம் என்ற செயற்கை ரப்பரில் செய்கிறார்கள். அதற்கும் ஆயுள் உண்டு. அமுக்கிப் பார்த்தால் கல் போல இறுகியிருந்தாலும், பஞ்சு போல நைந்திருந்தாலும், மாற்றும் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். கிளிப் இருக்கும் இடத்தில் வீங்கியிருந்தாலும் அப்படியே.

அடுத்தது ரேடியேட்டர். 1985 ஜூலையில் முதல் புரோட்டோன் சாகா வந்த காலத்தில் செம்பும் பித்தளையும் கொண்ட ரேடியேட்டர்கள் பரவலாக இருந்தன. ஓட்டை விழுந்தால் ரேடியேட்டர் கடையில் ஈயம் பற்ற வைத்துத் தருவார்கள். இப்போது வருபவற்றில் நடுப்பகுதி அலுமினியம், மேலும் கீழும் அல்லது இரு பக்கமும் பிளாஸ்டிக் தொட்டி. இரண்டுக்கும் நடுவே ரப்பர் வளையம் வைத்து விளிம்பை மடித்திருப்பார்கள். வருடங்கள் போகப் போக அந்த மடிப்பில் கசியும், பிளாஸ்டிக்கில் மயிரிழை விரிசல் விழும். இதற்கு ஈயம் எடுபடாது. மாற்றுவதுதான் வழி.

வாட்டர் பம்பில் ஒரு வேடிக்கை உண்டு. அதன் அடியில் வேண்டுமென்றே ஒரு சிறு துளை விட்டிருப்பார்கள். உள்ளே சீல் தேய்ந்துவிட்டால், கசியும் தண்ணீர் பேரிங்கைக் கெடுக்காமல் அந்தத் துளை வழியாக வெளியே சொட்டும். "இங்கதான் ஓட்டை" என்று அதை எம்சீல் வைத்து அடைத்துவிட்டு வந்தவர்களும் இருக்கிறார்கள். அந்தத் துளையில் சொட்டு தெரிந்தால் பம்பை மாற்ற வேண்டும், துளையை அடைக்கக் கூடாது.

தெர்மோஸ்டாட் வீடு, இன்ஜினுக்குப் பின்னால் ஓடும் இரும்புக் குழாய்கள், இன்ஜின் பிளாக்கில் தட்டுத் தட்டாக அடித்திருக்கும் தக்கைகள் என்று பட்டியல் நீளும். கடைசி இரண்டும் துருப்பிடித்து ஓட்டை விழுவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம், வருடக்கணக்கில் வெறும் பைப்புத் தண்ணீர். கூலண்டில் இருக்கும் துருத்தடுப்பு மருந்து அதில் கிடையாது. நாள்தோறும் பாட்டில் தண்ணீர் ஊற்றுகிறவர், ஏற்கெனவே உள்ள கூலண்டையும் நீர்க்கச் செய்து, அடுத்த ஓட்டைக்கு வழி அமைத்துக்கொண்டிருக்கிறார். மலேசியாவில் பனி விழாது, ஆகவே கூலண்ட் தேவையில்லை என்று வாதிடுவோர் உண்டு. தண்ணீர் உறையாமல் இருப்பது கூலண்டின் ஒரு வேலை மட்டுமே.

இவ்வளவையும் சோதித்த பிறகு, கழற்றி வைத்த மூடியை யாரும் கண்டுகொள்ளாமல் திரும்ப மாட்டிவிடுவது வழக்கம். கருவி மாட்டியிருக்கும்போது மூடி சோதனையில் இல்லை என்பதை நினைவில் கொள்ள வேண்டும். ரேடியேட்டர், ஹோஸ், பம்ப் எல்லாம் நன்றாக இருந்து, மூடியின் ஸ்பிரிங் மட்டும் தளர்ந்திருந்தால், கூலண்ட் குறைந்த அழுத்தத்திலேயே கொதித்து, ரிசர்வ் தொட்டிக்கு ஓடி, அங்கிருந்தும் வழிந்து போகும். பார்ப்பவருக்கு அது கசிவு போலவே தெரியும். அதனால் அதே கைப்பம்பில் இன்னொரு அடாப்டரைப் போட்டு மூடியையும் தனியாகச் சோதிக்க வேண்டும். பொறித்த எண்ணுக்குக் கீழே பிடித்து நிற்க வேண்டும், அந்த எண்ணை ஒட்டித் திறக்க வேண்டும். புது மூடியின் விலை, மற்ற எந்தப் பாகத்தின் விலையோடு ஒப்பிட்டாலும் அற்பம். வாங்கும்போது பழையதில் உள்ள அதே எண் இருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். 0.9 இருந்த இடத்தில் 1.1 போட்டால் 'ஸ்திராங்' ஆகிவிடாது, பழைய ஹோஸ்தான் பிய்ந்து போகும்.

மூடியில் இரண்டாவதாக ஒரு குட்டி வால்வும் இருக்கிறது. இன்ஜின் ஆறும்போது கூலண்ட் சுருங்கும், அப்போது ரிசர்வ் தொட்டியிலிருந்து உள்ளே இழுத்துக்கொள்ள அது திறக்கும். அது சிக்கிக்கொண்டால், காலையில் பார்க்கும்போது மேல் ஹோஸ் உறிஞ்சிய பானக்குழாய் போலச் சப்பிப்போய் இருக்கும். இதைக் கண்டுபிடிக்கக் கருவியே வேண்டாம், கண் போதும்.

வெளியே ஈரமில்லை, மூடியும் நல்லது, முள் மட்டும் இறங்குகிறது. யாரும் விரும்பாத பதில் இங்கேதான் வருகிறது. தண்ணீர் இன்ஜினுக்குள்ளேயே போகிறது. இன்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே உள்ள ஹெட் கேஸ்கெட் என்ற தகடு விட்டுப்போயிருக்கலாம். பிரஷரை ஏற்றி வைத்து, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, இன்ஜினைச் சுழற்றினால், கெட்டுப்போன சிலிண்டரிலிருந்து தண்ணீர் தெறிக்கும். எண்ணெய் மூடியின் உட்புறம் தே தாரேக் நுரை போல இருப்பதும், சூடான பிறகும் புகைக்குழாயில் இனிப்பு வாடையோடு வெண்புகை வருவதும் இதன் அடையாளங்கள். குறுகிய தூரமே ஓடும் காரில் எண்ணெய் மூடியில் மட்டும் சிறிது நுரை படிவது சாதாரண ஈரப்பதமாகவும் இருக்கலாம் என்பதால், அந்த ஒன்றை வைத்தே இன்ஜினைப் பிரிக்கச் சம்மதிக்கக் கூடாது.

உறுதி செய்ய வேறு வழியும் இருக்கிறது. கருவியை மாட்டிய நிலையில் இன்ஜினைச் சற்று ஓடவிட்டால், ஆறிய இன்ஜினிலும் முள் மளமளவென்று ஏறும். எரிந்த வாயு கூலண்டுக்குள் புகுவதே காரணம். அப்போது அழுத்தத்தை உடனே இறக்கிவிட வேண்டும். நீலநிறத் திரவம் ஒன்றை ரேடியேட்டர் வாயில் வைத்து வாயுவை அதில் குமிழியிட விட்டு, அது மஞ்சளாக மாறினால் எரிவாயு கலந்திருக்கிறது என்று கண்டறியும் சோதனையும் பட்டறைகளில் உண்டு.

ஹெட் கேஸ்கெட் பெரும்பாலும் தானாகப் போவதில்லை. சிறிய கசிவால் தண்ணீர் குறைந்து, இன்ஜின் ஓரிரு முறை ஓவர்ஹீட் ஆகி, அலுமினிய ஹெட் வளைந்து, அதன் பிறகுதான் கேஸ்கெட் விடும். ஹெட்டைக் கழற்றி, லேத் கடையில் சமன்படுத்தி, திரும்பப் பொருத்துவதற்குள் செலவு ஆயிரத்தைத் தாண்டிவிடும். பழைய காரின் மதிப்பில் அது ஒரு பெரிய பங்கு. ஒரு கிளிப்பில் ஆரம்பித்தது அங்கே போய் முடிகிறது. அந்தக் கார் ஒன்றை நம்பித்தான் அப்பாவை டயாலிசிஸுக்கோ, அம்மாவைக் குளுவாங் என்சே பெசார் ஹாஜா கல்சோம் மருத்துவமனைக்கோ கூட்டிப் போகிறார்கள் என்றால், பட்டறையில் கார் கிடக்கும் நாட்களின் செலவு பில்லில் வராது.

சோதனையில் முள் அசையாமல் நின்று, மூடியும் நன்றாக இருந்து, சூட்டு நிலையிலும் கசியாமல், ஆனாலும் கார் ஓவர்ஹீட் ஆகிறது என்றால், பிரச்சினை கசிவே அல்ல. ரேடியேட்டர் காற்றாடி சுற்றாமல் இருக்கலாம். வாரக் கடைசியில் சிங்கப்பூரிலிருந்து திரும்புகிறவர்களுக்கு இது தெரிந்த கதை. நெடுஞ்சாலையில் ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரை ஆற்றிவிடும். ஜொகூர் பாலத்தின் ஒரு கிலோமீட்டர் தூரத்தை ஒரு மணி நேரம் ஊர்ந்து கடக்கும்போது காற்றாடி ஒன்றுதான் கதி. நெரிசலில் மட்டும் சூடு ஏறி, ஓடத் தொடங்கினால் இறங்குகிறது என்றால் முதல் சந்தேகம் காற்றாடி மேல் போக வேண்டும். தெர்மோஸ்டாட் சிக்கியிருக்கலாம், ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கலாம். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டு "இனி சூடே ஏறாது" என்று அனுப்பிவைக்கும் வழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. அப்படிச் செய்தால் இன்ஜின் உரிய சூட்டுக்கே வராமல் ஓடும், பெட்ரோலும் கூடுதலாகச் செலவாகும்.

கசிவை அடைக்கும் மருந்து என்று ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் விற்கும் திரவமும் பொடியும், நடுவழியில் சிக்கிய இரவுக்கு உதவலாம். நிரந்தர வைத்தியமாக நம்பினால், ஓட்டையை அடைக்கும் பொருள் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கும்.

சாலையில் சூடு ஏறிவிட்டால்

புதிய சிறிய கார்கள் பலவற்றில் சூட்டைக் காட்டும் முள்ளே இல்லை, ஒரு விளக்கு மட்டும்தான். நீலம் என்றால் இன்ஜின் குளிர்ச்சி, சிவப்பு என்றால் ஆபத்து. சிவப்பு எரிந்தால் "அடுத்த டோல் வரைக்கும் போயிடலாம்" என்ற பேச்சே கூடாது. முள் உள்ள கார்களிலும் ஓர் ஏமாற்று உண்டு. தண்ணீர் முழுதாகப் போய்விட்டால், தண்ணீருக்குள் மூழ்கியிருக்க வேண்டிய சென்சார் வெறுமையில் தொங்கும். அப்போது முள் கீழே இறங்கி, எல்லாம் சரியாகிவிட்டது போலக் காட்டலாம்.

ஏர்கோனை அடைத்து, பாதுகாப்பான இடத்தில் ஓரம் கட்டி, இன்ஜினை நிறுத்த வேண்டும். ஹீட்டரைப் போட்டால் சூடு குறையும் என்று வெளிநாட்டுக் காணொளிகளில் சொல்வார்கள். மலேசியாவில் விற்ற பல கார்களில் ஹீட்டரே கிடையாது. நெடுஞ்சாலை என்றால், ஆட்கள் சாலைத் தடுப்புக்கு வெளிப்பக்கம் நின்றுகொண்டு 1800-88-0000 என்ற பிளஸ் எண்ணை அழைக்கலாம்.

மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே இருப்பது 100 டிகிரிக்கு மேல் சூடேறியும் அழுத்தத்தால் மட்டுமே கொதிக்காமல் இருக்கும் தண்ணீர். மூடி தளர்ந்த அதே நொடியில் அது முழுதும் கொதித்து முகத்துக்கும் கைக்கும் பாயும். துணி சுற்றிக்கொண்டால் போதும் என்பது தவறு. மேல் ஹோஸை வெறுங்கையால் தாராளமாகப் பிடிக்க முடிகிற வரை, குறைந்தது அரை மணி நேரம், காத்திருக்க வேண்டும். தகதகக்கும் இன்ஜின் மேல் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் உலோகம் விரிசல் விடலாம்.

கூலண்டை மினரல் பாட்டிலிலோ கோலா போத்தலிலோ ஊற்றி வைக்கும் பழக்கமும் பல வீடுகளில் உண்டு. அதில் இருக்கும் எத்திலீன் கிளைக்கோல் இனிக்கும், நிறமும் சிராப் போலவே இருக்கும். கொஞ்சம் குடித்தாலும் சிறுநீரகத்தைக் கெடுக்கும், குழந்தையின் உயிருக்கே ஆபத்தாகலாம். வாசலில் வடித்துவிட்டால் நாயும் கோழியும் நக்கும். அது வந்த டப்பாவிலேயே, பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். தவறிக் குடித்துவிட்டால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் அந்த டப்பாவையும் எடுத்துக்கொண்டு நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பட்டறைக்குப் போகும்போது "ரேடியேட்டர் மாத்தணுமா பாருங்க" என்று கேட்பதற்குப் பதில், "அண்ணே, முதல்ல பிரஷர் டெஸ்ட் பண்ணிட்டு, எங்க ஒழுகுதுன்னு காட்டுங்க. மூடியையும் டெஸ்ட் பண்ணுங்க" என்று சொல்லிவிடலாம். கார் சூடாக வந்திருந்தால் ஆறும் வரை காத்திருக்க நேரம் ஒதுக்கிக்கொண்டு போவது நல்லது. முந்தின இரவே காரை விட்டுவிட்டு வந்தால் இன்னும் நல்லது. கசியும் இடத்தைக் கண்ணால் பார்த்த பிறகுதான் பாகம் மாற்றச் சம்மதிக்க வேண்டும். மாற்றி முடித்ததும் இன்னொரு முறை பம்பு அடித்து, முள் நிற்பதைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுக்க வேண்டும். இதைக் கேட்டால் முகம் சுளிக்கும் பட்டறையைவிட, கருவியை எடுத்து வந்து முள்ளைக் காட்டும் பட்டறை அடுத்த தாமானில் இருந்தாலும் அங்கே போகலாம். பழைய கார் வாங்குகிறவர்களுக்கும் இதே பதினைந்து நிமிடம் பொருந்தும். விற்பவர் வழியில் ஊற்றிக்கொண்டு வந்த பாட்டில் கண்ணில் படாது, முள் இறங்குவது கண்ணில் படும்.

வீட்டுக்கு வந்த பின் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. ரிசர்வ் தொட்டியில் கூலண்ட் நிற்கும் மட்டத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டு, தினமும் காலையில் இன்ஜினை ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் பார்க்க வேண்டும். முதல் இரண்டு நாளில் சிறிது இறங்கலாம், உள்ளே தங்கிய காற்று வெளியேறி அந்த இடத்தைக் கூலண்ட் நிரப்புவதால். கோடு வரை ஊற்றிவிட்டு மேலும் ஒரு வாரம் பார்க்கலாம். அதன் பிறகும் இறங்கினால், அதே பட்டறைக்கே திரும்பிப் போய், இந்த முறை இன்ஜினைச் சூடாக்கி வைத்துச் சோதிக்கச் சொல்ல வேண்டும்.